கெடுத்த பலகைகள்

மூடியை அழுத்தினால் இறங்கியது. கையை எடுத்தால் இரண்டு விரல் உயரத்துக்கு எழும்பி நின்றது. மாடசாமி முழங்கையை ஊன்றி உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் வைத்தார். பின்பக்கம் எங்கோ மரம் முனகியது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். இப்படி அழுத்தி அழுத்தித்தான் போன வாரம் ஒரு பலகை விட்டுப் போயிருந்தது.

பூனாவில், சாங்விப் பகுதியில் மூன்றாவது மாடி வீடு அது. காலையிலிருந்து விட்டு விட்டு மழை. பால்கனியில் துணிக்கொடிக்குக் கீழே பழைய விளம்பரப் பேனர் ஒன்றை விரித்து, அதன்மேல் பெட்டியை வைத்திருந்தார். உள்ளே போகும் கண்ணாடிக் கதவு இறுகச் சாத்தியிருந்தது. அதன் அடி இடுக்கில் ஒரு துண்டை நனைத்துச் சுருட்டி வைத்திருந்தார். ரம்பம் போடுவது, உப்புத்தாள் தேய்ப்பது எல்லாம் மொட்டைமாடியில்தான். இங்கே வெறும் பூட்டுகிற வேலை. அப்படியும் மரத்தூள் ஒரு துளிகூட உள்ளே போகக்கூடாது. உள்ளே தமிழரசி படுத்திருந்தாள்.

கண்ணாடி வழியாகக் கட்டிலும், போர்வைக்கு வெளியே அவளுடைய பாதங்களும் தெரிந்தன. நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிற நோய். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சல் மாடசாமியின் காதில் இப்போதெல்லாம் விழுவதே இல்லை. கரண்ட் போய் அது நின்றால்தான் விழும்.

மகள் ஸ்நேஹா கண்ணாடியைத் தட்டினாள்.

"அப்பா, அம்மா தண்ணி எடுக்க மாட்டேங்குறா. நீங்க ஒரு தடவ ட்ரை பண்ணுங்க."

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். ஸ்பூனில் தண்ணீர் எடுத்து உதட்டில் வைத்தார். பாதி உள்ளே போயிற்று. பாதி கடைவாயில் வழிந்தது. துண்டு முனையால் துடைத்துவிட்டார். தமிழரசி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள், பிறகு அவருடைய சட்டையில் ஒட்டியிருந்த பசையைப் பார்த்தாள், பிறகு மூடிக்கொண்டாள்.

மாடசாமி எழுந்தார்.

"ரெண்டு நிமிஷம்கூட உக்கார முடியாதா உங்களுக்கு?" என்றாள் ஸ்நேஹா. "டாக்டர் நேத்து என்ன சொன்னாரு? கபி பீ ஹோ சக்தா ஹைன்னு சொல்லல? எப்ப வேணா... அம்மா பக்கத்துல இருங்கப்பா. அந்த டப்பா எங்க ஓடப் போகுது?"

"இங்கனதானம்மா இருக்கேன்" என்றார் மாடசாமி. "கதவுக்கு அந்தப் பக்கம்."

ஸ்நேஹா ஸ்பூனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அவள் பிறந்ததும் படித்ததும் இங்கேதான். வேலை பெங்களூரில். லீவு போட்டுவிட்டு வந்து ஒரு மாதமாகிறது. அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் தீர்ந்துபோகும். அப்புறம் ஹிந்தி. அதுவும் தீர்ந்தால் மௌனம்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. மாடசாமிக்கு உட்கார வராது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இருபத்தொரு வயதில் பூனாவுக்கு வந்து, முதலில் டெம்போ, அப்புறம் போசரியில் ஒரு கம்பெனியின் ஸ்டாஃப் பஸ் என்று வாழ்க்கை முழுக்க வண்டி ஓட்டியவர். ரிட்டையர் ஆன பிறகும் விடிந்தால் பழைய காரின் சாவியை ஆணியிலிருந்து எடுத்துவிடுவார். பால் வாங்க என்று போய் கடக்வாஸ்லா அணை வரைக்கும் போய்விட்டு வந்த நாட்கள் உண்டு. வீட்டில் ஏதாவது கஷ்டம் என்றால் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் வண்டியைக் கிளப்புவது.

வீட்டைப் பார்த்துக்கொண்டவள் தமிழரசி. பார்த்துக்கொண்டவள் என்றால் அடுப்படியை மட்டும் அல்ல. அவளும் போசரியில்தான், மின்சாரப் பேனல்களுக்கு ஒயர் பூட்டுகிற பட்டறையில் வேலை பார்த்தவள். ஃபியூஸ் போனால் அவள், குழாய் ஒழுகினால் அவள், மிக்ஸி நின்றால் அவள். காலனியில் பாதிப் பேருடைய அயர்ன் பாக்ஸ் அவள் கை பட்டதுதான். மராத்திக்காரர்கள் அவளை 'தமிழ் மௌஷி', தமிழ்ச் சித்தி, என்று கூப்பிடுவார்கள். பெயரே அதுதான் என்று நினைத்தவர்களும் உண்டு. அவளுடைய குறடுகளும் டெஸ்டரும் திருப்புளிகளும் சால்டரிங் கம்பியும் வீடு முழுக்கப் பிஸ்கட் டப்பாக்களிலும் புடவைக்கடைப் பைகளிலும் கிடந்தன. எது எந்தப் பையில் என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

ஏப்ரலில் ஒரு நாள் காலையில் மாடசாமி சாவியை எடுத்தபோது அவள் கூப்பிட்டாள். மூச்சு இடம் கொடுக்கிற அளவுக்குத்தான் அவளால் பேச முடியும். நாலு சொல், ஒரு இழுப்பு, நாலு சொல்.

"ஏங்க. என் சாமானெல்லாம் டப்பா டப்பாவாக் கெடக்கு. ஒரு மரப்பெட்டி செஞ்சு தாங்க."

"கடையில ரெடிமேடா விக்கானேட்டி. போற வழியில வாங்கியாறேன்."

"கடைப்பெட்டி வேண்டாம்."

"எனக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியுமா?"

"தெரியாது. அதான் சொல்லுதேன்."

அவருக்கு அது புரியவில்லை. ஆனால் சாகக் கிடக்கிறவள் வாய்விட்டுக் கேட்டது. பவானி பேட்டிலுள்ள டிம்பர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பலகை வாங்கி, காரின் மேலே கட்டிக்கொண்டு வந்தார்.

முதல் தப்பு அன்றைக்கே தொடங்கிற்று. நாலு பக்கத்துக்கும் அளந்து வெட்டி, அடிப்பலகையையும் அதே அளவுக்கு வெட்டிவிட்டார். சேர்த்துப் பார்த்தால் அடிப்பலகை உள்ளே போகமாட்டேன் என்கிறது. மூன்று தடவை அளந்தார். அளவு சரி. அளவு சரியாக இருந்தும் போகவில்லை. மொட்டைமாடியில் வெயிலில் அந்தப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது: பக்கப் பலகைக்கும் கனம் உண்டு, அதுவும் இடத்தை எடுத்துக்கொள்ளும். இதுகூடத் தெரியாமல் அறுபத்துமூன்று வயது வரைக்கும் இருந்திருக்கிறோம் என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

மத்தியானம் கஞ்சி கொடுக்கும்போது தமிழரசி கேட்டாள்.

"இன்னைக்கு என்ன கெடுத்தீங்க?"

சொன்னார். அவள் சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும். இருமல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. அடங்கியதும் மறுபடியும் சிரித்தாள்.

அதிலிருந்து தினமும் மத்தியானம் அந்தக் கேள்வி வந்தது. அவரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். துளை போடாமல் பலகையின் விளிம்பில் ஸ்குரு ஏற்றியதில் மரம் நீளவாட்டில் பிளந்ததைச் சொன்னார். நாலு மூலையையும் பசை போட்டு ஒட்டி, காய்ந்த பிறகு பார்த்தால் பெட்டி கோணிக்கொண்டு நின்றதைச் சொன்னார். மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்த்தபோது ஒரு பக்கம் விரற்கடை அதிகம். ஒட்டியதைப் பிரிக்க முடியாமல் உடைத்து மறுபடி பலகை வாங்கினார். அப்புறம் உள்ளே வைக்கிற தட்டு. ஜூன் தொடக்கத்தில் அச்சாகப் பொருந்திய தட்டு, மழை பிடித்த வாரத்தில் ஊறிப் பருத்து, உள்ளே போனது வெளியே வராமல் மாட்டிக்கொண்டது. "மழைக்கு எடம் விடணும்" என்று அவர் சொன்னபோது தமிழரசி, "ம்" என்றாள். அவளுக்கு மரவேலை தெரியாது. இப்படிச் செய்யுங்கள் என்று ஒருநாளும் அவள் சொன்னதில்லை. கேட்டுக்கொள்வாள், அவ்வளவுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் தினமும் உட்கார்ந்து பேசுவதற்கு அவருக்கு ஒரு விஷயம் இருந்தது இப்போதுதான்.

ஏப்ரலிலிருந்து சாவி ஆணியிலேயே தொங்கியது. பலகை வாங்கவும் மருந்து வாங்கவும் தவிர அவர் அதைத் தொடவில்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை.

இப்போது மூடி. மழை சற்று விட்டு வெளிச்சம் வந்தபோது மாடசாமி குனிந்து பின்பக்கக் கீலைப் பார்த்தார். கீலின் இரண்டு தகடுகளிலும் ஸ்குருத் தலைகள் தகட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றன. மூடும்போது இந்தத் தலையும் அந்தத் தலையும் முட்டிக்கொள்கின்றன. முட்டிய இடத்தில் பளபளவென்று கீறல். மூடியின் மேல் தப்பே இல்லை. தலை சின்னதாக இருக்கிற ஸ்குரு போட்டிருக்க வேண்டும்.

"அட" என்றார், யாரும் இல்லாத பால்கனியில். மத்தியானம் அவளிடம் சொல்ல விஷயம் கிடைத்துவிட்டது. ஸ்குருக்களைக் கழற்றி மூடியை ஓரமாகச் சாய்த்துவிட்டு, ஒரு ஸ்குருவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் ஸ்நேஹா கண்ணாடியைத் தட்டினாள். இந்தத் தடவை விரலால் இல்லை, உள்ளங்கையால்.

தமிழரசியின் மூச்சு மாறியிருந்தது. இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே ஒரு பள்ளம். நெஞ்சு எழும்பி, இறங்கி, அப்படியே நின்றது. போய்விட்டதோ என்று நினைக்கும்போது மறுபடியும் எழும்பியது. ஸ்நேஹா ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடந்தாள். "ஹாங், ஓல்ட் சாங்வி... தேர்ட் ஃப்ளோர்... லிஃப்ட் நஹி ஹை... ஜல்தி" என்று அவள் சொல்வது கேட்டது. ஆம்புலன்ஸ்.

மாடசாமியின் கை ஆணிக்குப் போயிற்று. சாவியை எடுத்ததும் செருப்பைப் போட்டதும் படி இறங்கியதும் அவருக்கு ஞாபகமில்லை. கீழே மழை பிடித்துக்கொண்டிருந்தது. காரில் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். வைப்பர் ஓடியது. ஔந்துப் பாலம் இந்நேரம் அடைத்துக்கொண்டிருக்கும், மறுபக்கம் சுற்றிப் போனால் சிக்னல் குறைவு என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. கியரில் கை வைத்தபோதுதான் பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். காலி. அவள் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். இவர் யாரை ஏற்றிக்கொண்டு போகப் பார்த்தார்?

வண்டி உறுமிக்கொண்டே நின்றது.

மார்ச்சில் இப்படித்தான் ஆயிற்று. அன்றைக்கு அவளை இந்தச் சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டிக்கொண்டு போனார். டிராஃபிக்கைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டோம் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. ஆஸ்பத்திரியில் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அவளுடைய தொண்டைக்குள் குழாயை விட்டார்கள். மறுநாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபோது அவளுடைய இரண்டு கைகளும் கட்டிலின் கம்பியோடு துணியால் கட்டப்பட்டிருந்தன. குழாயைப் பிடுங்கிவிடுவாளாம். ஒரு நிமிஷம் கையைச் சும்மா வைத்திருக்காதவள். அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அவர் சிரித்து, கையை ஆட்டிவிட்டு, வெளியே வந்து, காரை எடுத்துக்கொண்டு நகரத்தைச் சுற்றினார்.

தப்பிப் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு, மணிக்கட்டிலிருந்த கறுப்பைத் தடவிக்கொண்டே அவள் சொன்னாள்: "உங்க மேல கோவம் இல்ல. தெரியாமச் செஞ்சீங்க. இனிமே அங்க கொண்டு போவாதீங்க." அவர், "சரிட்டி" என்றார். அப்போது அந்தச் 'சரி' சுலபமாக இருந்தது.

மாடசாமி சாவியைத் திருப்பினார். உறுமல் நின்றது. மழைச் சத்தம் மட்டும் காரின் கூரைமேல்.

ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் திரும்பியபோது அவர் இறங்கிப் போய் அதன் முன்னால் நின்றார். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

"நஹி ஜானா ஹை" என்றார் மாடசாமி. போக வேண்டாம்.

"பேஷண்ட் எக்ஸ்பயர் ஆயிட்டாங்களா காக்கா?" என்று ஹிந்தியில் கேட்டான் ஒருவன். வயதானவரை இங்கே காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இல்ல. இருக்கா. வீட்டுலயே இருக்கட்டும்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அழைத்தவர் வேண்டாமென்று திருப்பி அனுப்பியதாக ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். மழையில் நனைந்த தாளில் பேனா எழுதவில்லை. ஆம்புலன்ஸின் கதவுக்குள் குனிந்து, இரண்டாவது தடவை அழுத்தி எழுதினார். நிமிர்ந்தபோது படிக்கட்டின் அடியில் ஸ்நேஹா நின்றிருந்தாள். செருப்பு இல்லை.

"என்ன பண்றீங்கப்பா?"

"அம்மா வேண்டாம்னு சொல்லிருக்கா."

"அப்போ சொன்னா! மார்ச்ல சொன்னா! இப்போ கேட்டீங்களா? இப்போ அவளுக்கு மூச்சு வரல. ஆப் ஐஸே கைஸே..." நீங்கள் எப்படி இப்படி என்று கேட்க வந்து பாதியில் விட்டாள். "சும்மா விட்டுருவீங்களா? நீங்க ட்ரைவர்தானே? எல்லாரையும் எங்கெங்கயோ கொண்டு போய் விட்டீங்களே!"

ஆம்புலன்ஸ் பின்பக்கமாக நகர்ந்து கேட்டைத் தாண்டியது. அவள் அதன் பின்னால் நாலடி ஓடினாள், நின்றாள். மாடசாமி அவளைத் தொடப் போனார். அவள் விலகிக்கொண்டாள்.

"தப்புன்னா என் தப்பாவே இருக்கட்டும்மா" என்றார். "மேல வா. அவ தனியாக் கெடக்கா."

தனியாக இல்லை. பக்கத்து வீட்டு ஷிண்டே வஹினி வந்து தமிழரசியின் தலையை மடியில் தூக்கி வைத்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் தலையணையில் மெதுவாக இறக்கிவிட்டு, ஒன்றும் கேட்காமல், வாசலோரம் போய் நின்றுகொண்டாள்.

மாடசாமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முழங்காலில் வைத்தார், கட்டில் சட்டத்தில் வைத்தார், கடைசியில் அவளுடைய மணிக்கட்டில் வைத்தார். ஈரக்கை பட்டதும் தமிழரசியின் இமை அசைந்தது. கண் முழுக்கத் திறக்கவில்லை. உதடு அசைந்தது. சத்தம் இல்லை. ஆனால் மத்தியான நேரம் அது. என்ன கேட்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அல்லது தெரிந்ததாக நினைத்துக்கொண்டார்.

"மூடி மூடலட்டி" என்றார். "அழுத்துனா இறங்குது, விட்டா எந்திரிச்சி நிக்கி. நான் மூடிதான் கோணல்னு நெனச்சேன். கடைசியில பாத்தா ஸ்குரு. தலை பெருசு. ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்கி, மாட்டுச்சண்ட மாதிரி."

நெஞ்சு எழும்பி இறங்கியது. பள்ளம். மறுபடியும் எழும்பியது.

பேச்சை நிறுத்தினால் எழுந்து போகவேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. எழுந்தால் ஆணியைப் பார்ப்பார். அதனால் தொடர்ந்து பேசினார். புதுத் தப்பு தீர்ந்துபோயிற்று, ஆகவே பழையதற்குப் போனார். அடிப்பலகையிலிருந்து ஆரம்பித்தார். பலகைக்குக் கனம் உண்டு என்று தெரியாமல் வெயிலில் நின்றதைச் சொன்னார். டிம்பர் மார்க்கெட்டுக்காரன் மூன்றாவது தடவை இவரைப் பார்த்ததும், "என்ன காக்கா, வீடு கட்டுறீங்களா?" என்று கேட்டதைச் சொன்னார். இது அவளிடம் முன்பு சொல்லாதது. பிளந்த விளிம்பைச் சொன்னார். பிளந்த பிறகு அதற்குப் பசை ஊற்றி, கட்டுக்கம்பி சுற்றி, அதுவும் ஒட்டாமல் போனதைச் சொன்னார். கோணிய பெட்டியை உடைக்க மனசு வராமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்ததைச் சொன்னார். ஸ்நேஹா கட்டிலின் மறுபக்கத்தில் தரையில் உட்கார்ந்து அம்மாவின் பாதத்தில் நெற்றியை வைத்திருந்தாள். வெளியே மழை வலுத்தது. மாடசாமி குரலை உயர்த்திக்கொண்டார். தட்டு மாட்டிக்கொண்டதைச் சொன்னார். பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டியது, வராதது, நாலு நாள் காத்திருந்து வெயில் அடித்ததும் தானாகவே நழுவி விழுந்தது. "அவசரப்பட்டிருந்தா அதையும் உடைச்சிருப்பேன்" என்றார்.

அவருடைய தோளில் ஒரு கை விழுந்தது. ஷிண்டே வஹினி.

"பாவ்ஜி" என்றாள். "புரே ஆதா." போதும்.

ஆக்சிஜன் மெஷின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்நேஹா எழுந்து போய் அதை நிறுத்தினாள்.

மறுநாள் காலை விமானத்தில் தமிழரசியின் தம்பி அன்பழகன் சென்னையிலிருந்து வந்தார். காலனிக்காரர்கள் படிக்கட்டெல்லாம் நின்றார்கள். தமிழ்ச் சங்கத்திலிருந்து நாலு பேர், போசரிப் பட்டறையில் கூட வேலை பார்த்த பெண்கள் ஐந்தாறு பேர். அந்தப் பெண்கள் மட்டும்தான் வாய்விட்டு அழுதார்கள். மாடசாமி ஓரிடத்தில் நிற்கவில்லை. சாமியானா கட்டுகிறவனிடம் போனார், பூக்காரனிடம் போனார், கீழே வண்டிகளை ஒதுக்கி நிறுத்த வழி சொன்னார். யாரோ பால்கனியிலிருந்த பெட்டியை ஹாலுக்குக் கொண்டுவந்து, கழற்றிக் கிடந்த மூடியை அதன்மேல் கவிழ்த்துப் போட்டு, டீ டம்ளர்த் தட்டுகளை வைத்திருந்தார்கள். ஆடுகிறதா என்று போகும்போதும் வரும்போதும் பார்த்தார். ஆடவில்லை.

நடந்துகொண்டே இருந்தாலும் ஒரு கேள்வி அவரை விடவில்லை. எதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது போனாள்? தட்டு மாட்டிய கதை வரைக்கும் கேட்டாளா? டிம்பர் மார்க்கெட்டுக்காரன் கேட்டதைக் கேட்டாளா? புதிதாகச் சொன்னது அது ஒன்றுதான். ஷிண்டே வஹினியிடம் கேட்கலாம். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஸ்நேஹாவிடம் கேட்கலாம். கேட்க வாய் வரவில்லை.

சவ வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்தார்கள். சின்ன வயசு டிரைவர். பள்ளம் பார்க்காமல் ஓட்டினான். ஒவ்வொரு திருப்பத்திலும் மாடசாமியின் வலது கால் தரையை மிதித்தது. ஒரு இடத்தில் பொறுக்க முடியாமல், "மெதுவாப் போப்பா, பின்னால ஆள் இருக்கு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார். டிரைவருக்கு என்ன புரிந்ததோ, வேகத்தைக் குறைத்தான்.

ஆற்றோரத்து மின்மயானத்தில் அவர்களுக்கு முன்னால் வேறொரு குடும்பம் இருந்தது. காத்திருந்தார்கள். எதிரே முளா ஆறு செம்மண் நிறத்தில் புரண்டு போயிற்று. அன்பழகன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீங்க அத்தான். ஆம்புலன்ஸ் வாசல் வரைக்கும் வந்துச்சாமே. திருப்பி அனுப்பிட்டீங்களாமே. கொண்டு போயிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாள்லா அக்கா?"

மாடசாமி வாயைத் திறந்தார். மார்ச் மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. ஆற்றுப் பக்கம் இரண்டடி நடந்து, திரும்பி வந்தார்.

"மாமா" என்றாள் ஸ்நேஹா.

அவள் பின்னால் வந்து நின்றதை இருவரும் பார்க்கவில்லை. கண் வீங்கியிருந்தது. சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள்.

"நான்தான் கூப்பிட்டேன், ஆம்புலன்ஸ். அப்பா வேண்டாம்னாரு. எனக்குக் கோவம். இப்பவும் கொஞ்சம் கோவம்தான்." நிறுத்தினாள். "ஆனா அம்மா கை... கை ஃப்ரீயா இருந்துச்சு மாமா. அப்பா புடிச்சிட்டிருந்தாரு. அவ்ளோதான். இதப் பத்தி இனிமே அவருகிட்ட யாரும் கேக்கக் கூடாது."

அன்பழகன் அவளையும் மாடசாமியையும் பார்த்துவிட்டு, மாடசாமியின் கையை ஒருமுறை அழுத்திவிட்டு நகர்ந்து போனார். உள்ளேயிருந்து ஒருவன் வந்து தமிழரசியின் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டான். ஸ்நேஹா திருத்தினாள். அவன் இரண்டாவது தடவையும் தப்பாகவே கூப்பிட்டான். அவர்கள் உள்ளே போனார்கள்.

மாலையில் வீடு காலியாயிற்று. அன்பழகன் உள்ளறையில் அசந்து தூங்கினார். ஸ்நேஹா குளிக்கப் போயிருந்தாள். ஷிண்டே வஹினி அனுப்பிய கடலைமாவுப் பிட்லாவும் பாக்ரி ரொட்டியும் மேஜைமேல் மூடியபடி இருந்தன. மாடசாமி கட்டில் இருந்த இடத்தைக் கூட்டினார். கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினார்.

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் ஒருவன் நின்றான். முப்பது வயதிருக்கும். ஆஃபீஸ் அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. கையில் ஒரு அயர்ன் பாக்ஸ். பின்பக்கத்துக் கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவந்தவனாம், செக்யூரிட்டி இந்த வீட்டைக் காட்டினானாம்.

"மௌஷி ஆஹேத் கா?" என்றான். மௌஷி இருக்கிறார்களா?

மாடசாமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். இறந்துபோனாள் என்பதற்கு மராத்தியில் அவருக்கு மூன்று விதமாகச் சொல்லத் தெரியும். மூன்றும் நாக்கு வரைக்கும் வந்தன.

"சூடே ஆகல. நாளைக்கு இண்டர்வ்யூ மாதிரி ஒண்ணு இருக்கு" என்று அவன் சங்கடமாகச் சிரித்தான்.

மாடசாமி கையை நீட்டி அயர்ன் பாக்ஸை வாங்கிக்கொண்டார்.

"உத்யா யா" என்றார். நாளைக்குக் காலையில் வாங்க. "சகாளி."

அவன் நன்றி சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனான். மாடசாமி கதவைச் சாத்தினார். குளியலறைக்குள்ளிருந்து ஸ்நேஹா, "யாருப்பா?" என்றாள்.

"பின்பக்கத்துக் கட்டடம்" என்றார்.

அயர்ன் பாக்ஸோடு ஹாலின் நடுவில் நின்றார். ஒயர் அவிழ்ந்து தரையில் இழுபட்டது. அதை எடுத்துக் கைப்பிடியைச் சுற்றினார். பழைய ஒயர், விறைப்பானது. சுற்றி முடித்துக் கையை எடுத்ததும் அவிழ்ந்து விழுந்தது. அவர் தரையில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து சுற்றத் தொடங்கினார்.